போதையும் மறைப்பும்

நமது கல்லூரியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் எழுதிக் கேட்டிருந்தனர். விடுதி வாழ்க்கை, ஆசிரியப் பெருந்தகைகளின் அருங்குணங்கள், உதைபந்தாட்டக் களத்து வெற்றிகள் என்பவற்றுள் ஏதாவதொன்றைப் பற்றி எழுதலாமெனக் குறிப்பும் தந்திருந்தனர். அவற்றை எம்மினும் திறம்பட எழுத வல்லார் பலர் உளர். நாமோ நாற்பதாண்டுக்கு மேலாக வைத்தியத் தொழிலிலே காலங் கழித்தோம். எழுபத்தேழு வயதையும் எட்டிவிட்டோம். இதுகாறும் ஒருவர்க்கன்றிப் பிறர்க்கு உரையாத செய்தியொன்று எம்மிடம் உண்டு. அதனை மாணாக்கர் அறிதல் நன்றென எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம். விழா மலருக்குப் பொருந்தாத துயரச் செய்தியெனச் சிலர் கருதுதல் கூடும். அவர்கள் பொறுத்தருள்க.

நாம் பிறந்தது நெடுந்தீவில். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே பாக்கு நீரிணையில், ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்புடன் கிடப்பது அத்தீவு. முருகைக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகளையும், தென்புறத்து வெட்டவெளியிலே தம் விருப்பப்படி திரியும் குதிரைகளையும், பலர் கைகோத்து நின்றாலன்றி அணைக்கவியலாத பெருக்கமரத்தையும் சுற்றுலா வந்த மாணவர் கண்டிருப்பர். அவர்கள் காணாதது ஒன்று உண்டு. மாரிகாலத்தில் கடல் கொந்தளித்தால் வள்ளங்கள் கரையிலே கிடக்கும். போவாருமில்லை, வருவாருமில்லை. அந்நாள்களில் தீவிலுள்ளதைக் கொண்டே தீவார் பிழைத்தல் வேண்டும்.

எமது தந்தையார் தென்னிலங்கையிலே சுருட்டுக்கடை வைத்திருந்தவர். தீவகத்தார் பலர்க்கு அக்காலத்தில் அதுவே தொழில். யாழ்ப்பாணத்துப் புகையிலை சுருட்டாகி மலைநாட்டுக்கும் தென்னாட்டுக்கும் சென்றது. அதன் வருவாய் பள்ளிக் கட்டணமாகவும் கோயிற் றிருப்பணியாகவும் திரும்பி வந்தது. நாம் கல்லூரி விடுதியிலே தங்கிப் படித்ததும் அப்பணத்தினாலேதான். 1958 ஆம் ஆண்டுக் கலவரத்திலே கடை எரிந்தது. கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த கப்பலிலே காங்கேசன்துறையில் வந்திறங்கிய தந்தையார், பின்னர் தென்றிசை நோக்கிச் சென்றாரில்லை. தீவிலேயே ஒரு சிறு பலசரக்குக் கடையை நடத்தினார். கடை எரிந்ததைப் பற்றி அவர் பேசியதை நாம் ஒருபோதும் கேட்டதில்லை. இரவிலே ஒரு கால்போத்தல் சாராயம் அருந்திவிட்டுப் படுப்பார். அம்மா அதனை அரிசிப் பெட்டகத்துக்குப் பின்னே மறைத்து வைப்பார்.

கால்போத்தல் இரண்டாண்டில் அரைப்போத்தலாயிற்று. பின்னர் அதுவும் போதாதாயிற்று. ஆயினும் அவர் தள்ளாடியதை, உளறியதை, ஒருவரை வைததை எவருங் கண்டதில்லை. "எவ்வளவு குடித்தாலும் நிதானந் தவறாதவர்" என்று உறவினர் இருவர் மூவர் தம்முள் வியந்து பேசியதை ஒளிந்து நின்று கேட்டோம். எமக்கும் அது பெருமையாகவே இருந்தது. குடித்துப் புரளும் பிறரோடு ஒப்பிட்டு, எம் தந்தையார் குடிகாரரல்லர் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டோம். நிதானந் தவறாமையே நோயின் முதற்குறி என்பதை அன்று எமக்குச் சொல்வார் இல்லை.

1964 ஆம் ஆண்டு மூன்றாந் தவணையிலே கல்லூரியில் ஒரு பேச்சுப்போட்டி நடந்தது. பொருள் மதுவிலக்கு. திருக்குறளிலே கள்ளுண்ணாமை அதிகாரத்துப் பத்துக் குறளையும் மனனஞ் செய்து, கைகளை நீட்டியும் மடக்கியும் முழங்கினோம். முதற்பரிசு கிடைத்தது. பரிசளிப்பைக் காணத் தந்தையார் வள்ளமேறி வந்திருந்தார். பரிமேலழகர் உரையோடு கூடிய திருக்குறட் புத்தகத்தை எம் கையிலிருந்து வாங்கி, முதற்பக்கத்திலே எழுதியிருந்த எம் பெயரை விரலாலே தொட்டுப் பார்த்தார். அவர் கை நடுங்கவில்லை. அன்று காலை அவர் என்ன அருந்திவிட்டுப் புறப்பட்டாராதலின் நடுங்கவில்லை என்பதை அம்மா பல்லாண்டு கழித்தே எமக்குச் சொன்னார். எம் சொற்பொழிவைப் பற்றி அவர் ஒன்றுங் கூறவில்லை. "நல்லாய்ப் பேசினாய்" என்று மாத்திரம் சொல்லி, முதுகிலே தட்டிவிட்டு வள்ளத்துக்குச் சென்றார்.

அவ்வாண்டு மார்கழி விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தோம். டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் கிணற்றடியிலே ஈரக்கல்லில் வழுக்கி வீழ்ந்த தந்தையாருக்குத் தொடையெலும்பு முறிந்தது. பலகையிலே கிடத்தித் தீவின் வைத்தியசாலைக்குச் சுமந்து சென்றோம். அங்கே இருந்த அப்போதிக்கரி ஐயா பொறுமையும் அநுபவமும் மிக்கவர். காலைக் கட்டி, நோவுக்கு மருந்து கொடுத்து, கடல் தணிந்ததும் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம் என்றார். பின்னர் அம்மாவைப் பார்த்து, "இவருக்குக் குடிப்பழக்கம் உண்டோ?" என்று கேட்டார். அம்மா நிலத்தை நோக்கினார். விடை சொன்னவர் நாம்.

"இல்லை ஐயா. அவர் தொடுவதேயில்லை."

பதினாறு வயது மாணவன், பேச்சுப்போட்டியிலே பரிசு பெற்றவன், தெளிவாகச் சொன்ன விடையை அவர் எவ்வாறு ஐயுறுவார்? கட்டில்களிலே ஊரார் நால்வர் இருந்தனர். அவர்கள் செவியிலே விழும்படி சற்று உரக்கவே சொன்னோம்.

திங்கட்கிழமை காலையிலே தந்தையாரின் விரல்கள் நடுங்கின. நெற்றி வியர்த்தது. தேநீர்க் கோப்பையைப் பிடிக்க இயலவில்லை. எலும்பு முறிந்த நோவென எண்ணினோம். அன்றிரவு அவர் உறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வானம் இருண்டது. தனுஷ்கோடியை அழித்த அந்தப் பெரும்புயல் இலங்கையின் வடபாகத்தைக் கடந்து சென்றது டிசம்பர் 22, 23 ஆந் திகதிகளிலேதான். காற்றின் இரைச்சலுக்கிடையே, தந்தையார் போர்வையிலிருந்து எதனையோ கிள்ளிக் கிள்ளி எறியத் தொடங்கினார். எறும்புகள் என்றார். வாயிலிலே குதிரைகள் வந்து நிற்கின்றன, விரட்டிவிடு என்றார். கடை எரிகிறது, கல்லாப் பெட்டியை எடு என்று கூவினார். ஆறு ஆண்டாக வாய்திறந்து பேசாத நெருப்பை அன்றுதான் பேசினார்.

சன்னி கண்டுவிட்டது என்றனர் சிலர். கிணற்றடியிலே ஏதோ பிடித்துவிட்டது என்றனர் வேறு சிலர். பார்வை பார்ப்பவரை அழைத்துவந்து திருநீறு போடுவித்தார்கள். அப்போதிக்கரி ஐயா அரிக்கன் விளக்கோடு வந்தார். நாடியைப் பிடித்துப் பார்த்து, எம்மைத் தனியே விறாந்தைக்கு அழைத்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லும். அப்பா குடிக்கிறவரோ?"

அப்பொழுதாவது சொல்லியிருக்கலாம். சுற்றிலும் எவருமில்லை. மழையிரைச்சலிலே எவர் செவியிலும் விழாது. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை சொன்ன பொய்யை இனி எவ்வாறு மாற்றுவது என்ற நாணமே முன்னின்றது. "இல்லை" என்றோம். அவர் எம் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு உள்ளே சென்றார். வியாழக்கிழமை விடியுமுன் தந்தையார் வலிப்புக் கண்டு இறந்தார். கடல் அதற்குமேல் இரண்டு நாள் தணியவில்லை.

எட்டுச் செலவு முடிந்த அன்றிரவு அம்மா கேட்டார்: "அவருக்குச் சொல்லியிருக்கலாமோ, தம்பி?" நாம் விடை கூறவில்லை. அவரும் பின்னர் ஒருபோதும் அவ்வினாவைக் கேட்டதில்லை.

நிற்க. மருத்துவக் கல்லூரியிலே பயிலுங் காலத்தில், ஒருநாட் காலை பேராசிரியருடன் நோயாளர் விடுதியைச் சுற்றி வந்தோம். எலும்பு முறிவுக்காக மூன்று நாளைக்கு முன் சேர்க்கப்பட்ட ஒருவர் போர்வையிலிருந்து எதனையோ கிள்ளி எறிந்துகொண்டிருந்தார். பேராசிரியர் எம்மை நோக்கி, "முதலாவதாக என்ன கேட்பீர்?" என்றார். சக மாணாக்கர் பலவாறு விடை பகர்ந்தனர். "கடைசியாகக் குடித்தது எப்போது என்று கேட்க வேண்டும்" என்றார் அவர். எம் கையிலிருந்த குறிப்பேடு கீழே விழுந்தது. அன்று கற்றதனையும், பின்னர் அறிவியல் கண்டதனையும் எளிய முறையிற் கூற முயல்கின்றோம்.

பாய்வள்ளத்தை அறிந்தவர்க்கு இது விளங்கும். காற்று ஒரு பக்கத்திலிருந்து ஓயாது தள்ளும்போது வள்ளம் மறுபக்கஞ் சரியும். சரியாதிருத்தற்பொருட்டு ஆட்கள் காற்று வரும் பக்கத்து ஓரத்திலே ஏறியிருந்து பாரங் கொடுப்பர். காற்று வலுக்க வலுக்கப் பாரமும் கூடும். வள்ளம் நேராகச் செல்லும். கரையில் நிற்பவன் கண்ணுக்குக் காற்றே இல்லாதது போலத் தோன்றும். திடீரெனக் காற்று விழுந்துவிட்டால் என்னாகும்? வள்ளத்தைக் காத்த பாரமே அதனைக் கவிழ்த்துவிடும்.

மனித மூளையும் இவ்வாறே. அதிலே நரம்புகளை அமைதிப்படுத்தும் தூதுப்பொருள் ஒன்று. அதன் பெயர் காபா. தூண்டும் தூதுப்பொருள் மற்றொன்று. அதன் பெயர் குளுத்தாமேற்று. மதுவிலுள்ள அற்ககோல் முன்னதன் செயலைப் பெருக்கிப் பின்னதன் செயலைத் தடுக்கின்றது. அமைதியும் மயக்கமும் அதனால் உண்டாவன. நாடோறும் மது வருமாயின் மூளை வாளாவிருப்பதில்லை. தன் சமநிலையைக் காக்கும்பொருட்டு அமைதிப்படுத்தும் வழிகளை மழுங்கச் செய்து, தூண்டும் வழிகளைப் பெருக்கிக்கொள்கின்றது. ஈரலும் மதுவை முன்னிலும் விரைவாகச் சிதைக்கக் கற்றுக்கொள்கின்றது. எனவே பழைய அளவு பழைய பயனைத் தருவதில்லை. இதனையே தாங்குதிறன் என்பர். எம் உறவினர் வியந்த நிதானம் இதுவே. இந்நிலை முற்றியபின் மது இருந்தாலன்றி உடல் நேராக நில்லாது. இது சார்புநிலை. பரிசளிப்பன்று நடுங்காத கையின் மறைபொருள் இதுவே.

மது திடீரென நின்றால், எதிர்நிறுத்திய பாரமெல்லாம் ஒருபக்கமாகச் சாய்கின்றது. ஆறு மணிநேரம் முதல் ஒரு நாளைக்குள் நடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றும். முதலிரு நாள்களிலே வலிப்பு வருதல் கூடும். இரண்டாம் நாள் முடிவு தொடங்கி நான்காம் நாள்வரை, சிலர்க்கு இல்லாததைக் காணும் சன்னி உண்டாகும். தந்தையார் ஞாயிறு காலை இறுதியாகக் குடித்தார். செவ்வாய் இரவு குதிரைகளைக் கண்டார். கணக்குத் தவறவில்லை. பேயுமில்லை, கிணற்றடித் தோஷமுமில்லை.

அறிந்தால் இதற்கு மருந்துண்டு. டயசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்து, விழுந்த காற்றுக்குப் பதிலாக மென்காற்றொன்றை வீசச் செய்து, நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வரலாம். பாரமும் மெல்ல மெல்ல உள்ளே வந்துவிடும். நெடுநாட் குடித்தவர் உடலிலே தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறைந்திருக்குமாதலின் அதனையும் ஏற்றுவர். நாம் உண்மையைச் சொல்லியிருந்தால் தந்தையார் பிழைத்திருப்பாரோ? எலும்பும் முறிந்திருந்தது, புயலும் அடித்தது. ஆகலின் அறுதியிட்டுக் கூறுதல் இயலாது. ஆனால் அப்போதிக்கரி ஐயாவின் கைகளைக் கட்டிவிட்டவர் நாமே என்பதில் ஐயமில்லை. மதுவை மாத்திரம் குற்றஞ்சாட்டி நாம் ஒதுங்கிவிடுதல் முறையன்று.

எம்மையும் இதில் வைத்தே பேசுகின்றோம். மாணவப் பருவத்திலே தொடங்கிய சிகரெட்டை இருபதாண்டு விடாது புகைத்தோம். உடலிற் புகுந்த நிக்கொட்டினிற் பாதி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நீங்கிவிடும். நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எம் மனம் சட்டைப்பைக்குப் போய்விடுவது அதனாலேதான். நான்கு முறை விட்டு, மூன்று முறை மீண்டும் தொட்டோம். குடியைப் பற்றிப் பரிசு பெறப் பேசிய வாய் புகைக்கு அடிமையாயிருந்தது. மனவலிமை இல்லாதவரே அடிமையாவர் என்று எவரேனுங் கூறின், நாம் மறுத்துரைக்க உரிமையுடையோம்.

இனி, இன்றைய நிலைக்கு வருவோம். பாக்கு நீரிணை பண்டு தொட்டே தோணிகளின் வழி. இந்நாளில் அவ்வழியே கேரளக் கஞ்சாப் பொதிகள் வருவதும், தீவகக் கடற்பரப்பிலே கடற்படையினர் அவற்றைக் கைப்பற்றுவதும் பத்திரிகைகளில் அடிக்கடி வருஞ் செய்திகள். ஹெரோயினும், ஐஸ் எனப்படும் மெத்தம்பெற்றமீனும் யாழ்ப்பாணத்து இளைஞரையும் எட்டிவிட்டன. நம்மவர் காணாத துயரமுமில்லை. 1985 மே 15 ஆந் திகதி குமுதினிப் படகிலே சென்றவர்களை நடுக்கடலிலே வெட்டிக் கொன்ற கொடுமையை நெடுந்தீவார் மறந்திலர். எரிந்த கடையைப் பேசாது குடித்த ஒருவரின் மகனாதலின், பேசப்படாத துயரம் எங்கெங்கே சென்று ஒளிந்துகொள்ளும் என்பதை ஒருவாறு அறிவோம்.

ஹெரோயின் வந்த வரலாறும் ஒரு பாடம். ஜெர்மனியிலே பேயர் நிறுவனத்தார் 1898 இல் அதனை இருமல் மருந்தாக விற்கத் தொடங்கினர். மோர்பினைப் போல அடிமைப்படுத்தாது என்று நம்பப்பட்டது. நம்பிக்கை பொய்த்தது. எதனால் என்பது 1975 இலே சற்று விளங்கிற்று. ஸ்கொத்லாந்தின் அபர்தீன் நகரில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்ரலிற்ஸ் என்னும் இருவர், மோர்பினை ஒத்த பொருளை மூளை தானே சுரக்கின்றது எனக் கண்டனர். அதற்கு என்கெபலின் எனப் பெயரிட்டனர். நோவைத் தணித்து மனத்தைத் தேற்ற இயற்கை வைத்த அச்சிறு விளக்கின் இடத்திலே, ஹெரோயின் பெருந்தீயை மூட்டுகின்றது. அத்தீக்குப் பழகிய நரம்புகளுக்குப் பின்னர்ச் சிறுவிளக்கு ஒளியாகத் தோன்றுவதில்லை. அது நின்ற ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கொட்டாவி, மூக்கொழுக்கு, மயிர்க்கூச்சு, தசைநோவு, வயிற்றுளைவு என வரிசையாக வரும். இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து, ஏறத்தாழ ஒரு வாரத்திலே தணியும். மதுவை நிறுத்தும்போது வருஞ் சன்னியைப் போல இது உயிரைப் பறிப்பது அரிது. ஐஸ் நின்றாலோ, பல நாள் உறக்கமும் பெருஞ்சோர்வும் வாழ்வில் வெறுப்பும் சூழும். தன்னுயிரை மாய்க்க எண்ணுவோரும் உளராதலின் அருகிருந்து காத்தல் வேண்டும்.

சில ஆண்டுகளின் முன் தீவகத்துத் தாயொருத்தி தம் மகனை எம் வீட்டுக்கு அழைத்துவந்தார். காய்ச்சலும் வயிற்றோட்டமும் என்றார். பிள்ளை கொட்டாவி விட்டபடி இருந்தான். மூக்கு ஒழுகியது. சித்திரை வெயிலிலே கைமயிர் சிலிர்த்து நின்றது. கண்மணிகள் விரிந்திருந்தன. அவனை வெளியே இருக்கச் சொல்லி, "ஏதாவது பாவிக்கிறானோ, பிள்ளை?" என்று தாயைக் கேட்டோம்.

"இல்லை டொக்டர் ஐயா. அவன் அப்படியான பிள்ளையே இல்லை."

அம்மா நிலத்தைப் பார்த்தது போலவே அவரும் நிலத்தைப் பார்த்தார். அறுபதாண்டு மெல்ல எம் முன்னே வந்து நின்றது. வைத்தியர் நோயாளருக்குத் தம் கதையைச் சொல்லுதல் வழக்கமன்று. ஆயினும் அன்று கிணற்றடி முதல் விடியற்காலை வரை அனைத்தையும் அவருக்குச் சொன்னோம். நாம் சொன்ன இரண்டு பொய்களையும் சொன்னோம். முடிக்குமட்டும் அவர் வாய் திறக்கவில்லை. பின்னர், "ஒன்றரை வருடமாய், ஐயா. என்ரை தாலிக்கொடியும் போயிட்டுது" என்றார். சொன்னதும் அவர் முகத்திலே தோன்றிய ஆறுதலை நாம் மறவோம்.

பிள்ளைக்கு முறையான சிகிச்சை கிடைத்தது. வீடு திரும்புமுன் தாயிடமும் மகனிடமும் ஒன்றை வற்புறுத்திச் சொன்னோம். அதனை இங்கும் வற்புறுத்துகின்றோம். மருந்தை விட்டிருந்த நாள்களிலே உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடும். பாரம் உள்ளே வந்துவிட்ட வள்ளத்தில் பழைய காற்று அடித்தது போல, முன்னர்த் தாங்கிய அதே அளவு பின்னர் உயிரைப் போக்கும். சிகிச்சை நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்த சின்னாள்களிலே பலர் மடிவது இதனாலேதான். கனடாவின் செப்பர்ட் சீகல் என்னும் உளவியலாளர் 1982 இலே வெளியிட்ட ஆய்வொன்று இதன் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றது. ஹெரோயினுக்குப் பழக்கிய எலிகளுக்குப் பழகிய இடத்திலே பேரளவு கொடுத்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இறந்தன. அதே அளவைப் புதிய இடத்திலே கொடுத்தபோது மூன்றில் இரு பங்கு இறந்தன. உடல் பொருளுக்கு மாத்திரமன்று, இடத்துக்கும் பழகுகின்றது. பழகிய சந்தியையும் பழகிய நண்பரையும் கண்டவுடன், விட்ட வேட்கை மீண்டும் எழுவதும் இப்பழக்கத்தினாலேயே.

இடம் மாறுதலால் நன்மையும் உண்டு. வியற்நாம் போரிலே ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படைவீரரை லீ றொபின்ஸ் என்னும் பெண் ஆய்வாளர் 1970களிலே பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஊர் திரும்பிய முதலாண்டில் மீண்டும் அடிமையானவர் அவருள் மிகச் சிலரே. ஒருமுறை வீழ்ந்தவன் என்றும் எழான் என்பது உண்மையன்று. வீடும் தொழிலும் மதிப்பும் காத்திருக்குமாயின் எழுவோர் பலர்.

அப்பிள்ளை ஏழு மாதங் கழித்து ஒருநாள் மீண்டும் வழுக்கினான். ஆனால் அன்றிரவே தாயார் எம்மைத் தொலைபேசியிலே அழைத்தார். "ஐயா, இன்றைக்குப் பாவிச்சுட்டான். மூச்சு மெதுவாய் விடுகிறான்" என்று ஒளிக்காது சொன்னார். அயலவர் உறங்கட்டும், பின்னர்ப் பார்க்கலாம் என்று காத்திருந்தாரில்லை. வைத்தியசாலைக்கு உரிய நேரத்திலே கொண்டுசென்றதனால் பிழைத்தான். இன்று ஒரு மரவேலைத் தளத்திலே தொழில் பயில்கின்றான். இனி ஒருபோதும் வழுக்கான் என்று நாம் உறுதி கூறமாட்டோம், தாயாரும் கூறமாட்டார். ஆனால் அவ்வீட்டிலே பொய் இல்லை.

நமது நாட்டிலே 1929 ஆம் ஆண்டு முதல் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் உண்டு. 1984 இலே அது கடுமையாக்கப்பட்டது. கடத்துவோர்க்கு மரண தண்டனையும் விதிக்கலாமென்றாயிற்று. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டமோ, ஒளடதங்களிலே தங்கியிருப்போருக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிப்பதற்கென்றே இயற்றப்பட்டது. விற்பவன் வேறு, வீழ்ந்தவன் வேறு என்பதைச் சட்டமே ஏற்றிருக்கின்றது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் உள. வாயில் திறந்தே இருக்கின்றது. வாயிலுக்குச் செல்லவிடாது எம்மைப் பிடித்து நிறுத்துவது, கட்டிலில் இருக்கும் ஊரார் நால்வரின் செவிகளே.

கல்லூரியிலே இன்று பயிலும் தம்பிமார்க்குச் சில சொற்கள். தொடாதிருத்தலே மேல், அதனைப் பெரியோர் யாவரும் உங்களுக்குச் சொல்லியிருப்பர். நாம் கூடுதலாகச் சொல்வது இது: தோழனொருவன் எவ்வளவு எடுத்தாலும் அசையாது நிற்கின்றான் என்று வியவாதீர்கள். அது அவன் திறமையன்று, ஆபத்து. வீட்டிலோ விடுதியிலோ ஒருவர் நடுங்கி வியர்த்துக் கிடந்தால், வைத்தியர் கேட்கும் வினாவுக்கு உண்மையைச் சொல்லுங்கள். காட்டிக்கொடுத்தலாக அதனைக் கருதாதீர்கள். ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம்: மதுவிலக்கைப் பற்றிச் சொற்பொழியப் பயிற்றும்போது, அதனை வீட்டிலே கண்டு வாடும் பிள்ளையொருவன் அவ்வகுப்பிலே இருத்தல் கூடுமென எண்ணிக்கொள்ளுங்கள். போட்டி முடிந்தபின் அவன் வந்து பேசுவதற்கு ஒரு கதவும் வேண்டும். எம்போன்ற பழைய மாணவர்க்குச் சொல்லவேண்டியது குறைவு. நம் வீடுகளில் மறைந்திருப்பவற்றை நாமே அறிவோம்.

பரிசாகப் பெற்ற திருக்குறட் புத்தகம் இடப்பெயர்வுகளையெல்லாந் தாண்டி இன்றும் எம்மிடம் உண்டு. தந்தையார் விரல் பட்ட முதற்பக்கத்திலே எம் பெயர் மங்கிவிட்டது. எமக்குப் பின்னர் அதனைக் கல்லூரி நூல்நிலையத்துக்குக் கொடுக்க எண்ணியுள்ளோம். எடுத்துப் படிக்கும் மாணாக்கன் கள்ளுண்ணாமை அதிகாரத்தை மனனஞ் செய்வானாயின், வாய்மை என்னும் அதிகாரத்தையும் அதனோடு சேர்த்துப் படிப்பானாக.